கறுப்புக் கட்டத்துக்குள் இல்லாள்

புத்தகம் போட்டால் பேரும் புகழும் வரும் என்று சொல்கிறவர்கள் யாரும் புத்தகம் போட்டவர்களாக இருக்க மாட்டார்கள். எனக்கு வந்தது ஒப்பாரி. அதுவும் உயிரோடு இருந்த என் மனைவிக்கு, என் வீட்டு வாசலிலேயே, பட்டப்பகலில். 

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி அது. நல்லம்பள்ளியில் ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்தேன். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது போக மிச்ச நேரத்தில் ஒரு நாவல் எழுதிச் சென்னையில் ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினேன். போடுகிறேன் என்று அவர் எழுதியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பக்கத்தில் யாருக்காவது சமர்ப்பணம் செய்வது வழக்கம், இரண்டொரு வார்த்தை எழுதி அனுப்புங்கள் என்றும் கேட்டிருந்தார்.

என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். அதற்கு முன்னால் இரண்டு தரம் கலைந்து போய், சிரிப்பையே மறந்திருந்தாள். அவளுக்கே சமர்ப்பணம் செய்வது என்று முடிவு செய்தேன். 'மனைவிக்கு' என்று எழுதிப் பார்த்தால் மளிகைச் சீட்டு மாதிரி இருந்தது. 'பெண்டாட்டிக்கு' என்றால் ஊர் சிரிக்கும். பெயரை எழுதலாம் என்றால், பெண்டாட்டி பெயரை ஊரறிய அச்சில் போடுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. வித்துவான் பரீட்சைக்குப் படித்த திமிர் வேறு எனக்கு. யோசித்து யோசித்து 'என் இல்லாளுக்கு' என்று எழுதினேன். இல்லத்தை ஆள்பவள். எவ்வளவு அழகான சொல் என்று நானே பூரித்துப் போனேன்.

பார்சல் வந்தது. பிரித்தவுடன் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பக்கத்தின் நாலு புறமும் பட்டையாகக் கறுப்புக் கட்டம், நடுவில் 'என் இல்லாளுக்கு'. கருமாதிப் பத்திரிகைக்குத்தான் அப்படிக் கட்டம் போடுவார்கள். அச்சகத்தில் எவனோ கைக்குக் கிடைத்த கறுப்புக் கோட்டு அச்சை எடுத்து வைத்து அடித்துவிட்டான்.  மனைவிக்கு எழுத்து தெரியாது. அவள் கட்டத்தை விரலால் தடவிப் பார்த்து, "நல்லாத்தானுங்க இருக்குது, சேலைக்குக் கரை போட்டாப்ல" என்றாள். அவளே சொன்ன பிறகு என்ன என்று, ஒரு பிரதியைப் பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்த மாமனாருக்குத் தபாலில் அனுப்பி வைத்தேன். மாப்பிள்ளையை வெறும் வாத்தியார் என்று எடைபோட்டு வைத்திருந்தவருக்குக் கொஞ்சம் தெரியட்டும் என்ற எண்ணமும் இருந்தது.

மாமனார் சித்தேரி மலைக்காரர்களிடம் புளியும் கடுக்காயும் வாங்கி விற்கிறவர். அவருக்கும் படிக்கத் தெரியாது. எதிரே ஜவுளிக்கடை வைத்திருந்த பாய்தான் அந்தத் தெருவுக்கே தபால் படித்துச் சொல்கிறவர். அங்கே நடந்ததைப் பிற்பாடு மாமியார் சொல்லித்தான் கேட்டேன். பாய் அட்டையைத் திருப்பினார். கறுப்புக் கட்டத்தைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டதாம். உள்ளே இருந்ததை மெல்ல வாசித்தார். பிறகு மாமனார் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"இல்லாளுக்குன்னா, இல்லாம போனவளுக்குன்னு அர்த்தமுங்க. வாத்தியாரு மனசு ஒடஞ்சு எழுதியிருக்காரு."

பாயை நான் குறை சொல்ல மாட்டேன். இல்லாதவன், இல்லாதவள் என்று பேசிப் பழகிய ஊருக்கு 'இல்லாள்' என்று எழுதி, அதைச் சுற்றிக் கறுப்பும் அடித்து அனுப்பினால் வேறு எப்படிப் படிப்பார்? படித்த மாப்பிள்ளை சாதாரணக் கடுதாசி போடாமல் சாவுச் செய்தியைப் புத்தகமாகவே அடித்து அனுப்பியிருக்கிறார் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். சாவுக் கடுதாசியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, படித்த இடத்திலேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தெருவில் உட்கார்ந்து என் நாவலை ஒரு தாள் விடாமல் கிழித்திருக்கிறார்கள். அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் நான் வகுப்பில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, "சார், உங்க வூட்ல ஒரே அழுகச் சத்தமுங்க" என்றார். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். மூன்றாவது தரமும் கலைந்துவிட்டது, இந்தத் தடவை அவளையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது என்றே நினைத்தேன்.

வாசலில் கண்டதை நான் கதையில் எழுதியிருந்தால், நம்பும்படி இல்லை என்று பதிப்பாளர் அடித்துத் தள்ளியிருப்பார். பாப்பிரெட்டிப்பட்டிப் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வட்டத்தில் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதுகொண்டிருந்தவள் என் மனைவி.

பஸ்ஸில் அடக்கிக்கொண்டு வந்தவர்கள் தெருமுனையில் தலைமுடியை அவிழ்த்துவிட்டு அழ ஆரம்பித்திருக்கிறார்கள். கொல்லையில் ராகி புடைத்துக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு வந்து பார்த்திருக்கிறாள். பிறந்த வீட்டுப் பெண்கள் தலைவிரி கோலமாக வந்தால் என்ன நினைப்பாள்? அப்பா போய்விட்டார் என்று அலறிக்கொண்டு போய், கிடைத்த தோளைக் கட்டிக்கொண்டுவிட்டாள். அழுகிற இடத்தில் யார் முகத்தை யார் பார்க்கிறார்கள்? முந்தானையை முகத்தில் போட்டு அழுதுகொண்டிருந்தவர்கள் அவளையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். தன் சாவுக்குத் தானே மாரடித்துக்கொண்டிருந்தாள். 

அந்தச் சமயத்தில்தான் மாமனார், செத்த மகளுக்குப் பிறந்த வீட்டார் போட வேண்டிய கோடிச் சேலையோடு வந்து சேர்ந்தார். மனைவி தலையைத் தூக்கினாள்.

"அப்பா! நீ உசுரோடவா இருக்கற?"

"ஆத்தா... நீ?" என்றார் அவர். சேலை கையிலிருந்து நழுவி விழுந்தது. வட்டத்தில் இருந்த மாமியார் மகள் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே மயங்கிச் சாய்ந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பிய பிறகு எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இலக்கணம் சொன்னேன். 'இல்' என்றால் வீடு என்றேன். மாமனாருக்கு வந்ததே கோபம்.

"வூடுன்னா வூடுன்னு எழுத வேண்டியதுதானுங்களே மாப்ள!"

 அவர் அதோடு விடவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி, இரண்டு தரம் தவறியவள், அவளுக்குப் போய் இப்படி ஒரு அபசகுனமா என்று புலம்பினார். "அச்சுல செத்தவள இந்த வூட்ல விட்டு வெக்க மாட்டனுங்க. அச்சுலயே பொழைக்கட்டும், அப்புறம் அனுப்பறன்" என்று அன்று சாயந்திர பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டார். கோடிச் சேலை மட்டும் வாசலில் கிடந்தது.

பதிப்பாளருக்கு உடனே எழுதினேன். அதையாவது சாதாரணத் தமிழில் எழுதியிருக்கலாம். புத்தி போகுமா? 'கறுப்புக் கட்டம் இட்ட அந்தப் பக்கம் கண்ட வேளை, என் இல்லாள் என்னைப் பிரிந்து சென்றுவிட்டாள். அப்பக்கத்தைத் திருத்தி அருள வேண்டும்' என்று எழுதினேன். பதில் வந்தது. இன்னும் புத்தகமாகக் கட்டாமல் கிடக்கும் அச்சுத் தாள்களுக்கு அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாக அடித்துச் சேர்த்து அனுப்புகிறேன், மனதைத் தளர விடாதீர்கள் என்று எழுதியிருந்தார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

பாப்பிரெட்டிப்பட்டியிலேயே பெண் குழந்தை பிறந்தது. போய்ப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பினேன். மாமனார் பிடித்த பிடியை விடவில்லை. குழந்தைக்குத் தலை நின்ற சமயத்தில் சென்னையிலிருந்து பார்சல் வந்தது. நான் பிரிக்கவில்லை. என் கைபட்டால், நானே ஏதோ ஒட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்பார்கள். கட்டிய சணல் கயிற்றோடு அப்படியே எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை முறுக்கோடு பஸ் ஏறினேன்.

தெருவே கூடிவிட்டது. பாய்தான் பிரித்தார். முதல் பக்கத்தில் கறுப்புக் கட்டம் இல்லை. சுற்றிலும் பூக்கொடி போட்டிருந்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. பாய் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"படிங்க பாய்" என்றார் மாமனார்.

"மறைந்த... என் இல்லாளின்... நினைவுக்கு."

இந்தத் தடவை யாரும் அர்த்தம் கேட்கவில்லை.  பிரிந்து சென்றுவிட்டாள் என்று நான் எழுதியதைச் சென்னையில் படித்த மேதாவி அவளைப் பரலோகத்துக்கே அனுப்பிவிட்டிருக்கிறார். மாமனார் வீட்டுக்குள் போகத் திரும்பினார். என் பெண்டாட்டியும் பிள்ளையும் இனி எனக்கு இல்லை என்று அந்த நிமிஷத்தில் நிச்சயமாகத் தெரிந்தது. கூட்டத்தில் நிற்கிறோம் என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

அப்போது அவள் இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள். பாய் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, அந்தத் தாளைப் பிய்த்து, நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டாள்.

"நான் செத்தனா பொழச்சனான்னு மெட்ராஸ்ல இருக்கறவன் சொல்லணுமா? ரெண்டு தரம் சாவடிச்சுட்டான். எனக்கு என்ன ஆச்சு? எம்புள்ளைக்கு என்ன ஆச்சு? வண்டியப் பூட்டச் சொல்லுப்பா" என்றாள். மாமனார் தானே வண்டியைப் பூட்டப் போனார்.

பஸ் நிற்கும் இடத்துக்கு மாட்டு வண்டியில் போனோம். முதல் பக்கம் போன புத்தகம் என் மடியில் இருந்தது. ஊர் எல்லை தாண்டியதும் அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, எங்கப்பன் எனக்கு வெச்ச பேரு ஒன்னு இருக்குதில்லீங்க? அத எழுதியிருந்தா பாயி தப்பாப் படிச்சிருப்பாரா?"

ஒப்பாரி வட்டத்தில் அவளைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தேன். அதில் கதாநாயகிக்குப் பெயர் வைத்திருந்தேன். அவள் தோழிக்குப் பெயர் வைத்திருந்தேன். அவர்கள் வீட்டுப் பசுமாட்டுக்குக்கூட ஒரு பெயர் வைத்திருந்தேன்.