போகத்துக்கு ஒருமுறை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இருந்தும் எங்கள் கல்முனைப் பக்கத்தில் நெல் மில்லுக்குள் முதன்முதல் கொம்பியூட்டர் வைத்தவன் நான்தான். தொண்ணூறுகளின் கடைசி அது. படித்தவர்களே அதைத் தொடப் பயந்த காலம்.

அதைப் பார்த்துக்கொண்டவன் என் மனைவியின் தம்பி. சவூதியில் வேலை செய்து திரும்பியவன். மற்றவர்கள் கொம்பியூட்டரை ஓட்டுகிற இயங்குதளத்தை ஆயத்தமாக வாங்கிப் போடுவார்கள். அவனோ அதன் மூல நிரலைச் சீடியில் எடுப்பித்து, எங்கள் மெசினிலேயே புதிதாகக் கட்டுவான். அரிசி வாங்காமல் நெல் வாங்கிக் குத்துவதைப் போல என்று ஊருக்கு விளக்கம் சொன்னவனும் நான்தான்.

"சவூதியில என்ட கூட்டாளிமார் கிழமைக்கொருக்காக் கட்டுவானுகள் மச்சான்."

"ஒவ்வொரு கிழமையும் நெல்லுக் குத்தினா அரிசிய எங்கடா கொட்டுற?"

சிரித்தான். போகத்துக்கு ஒருமுறை என்று முடிவானது. கட்டி முடிக்க ஒரு பகலும் இரவும் போதாது. ஊர்க் கரண்டை நம்ப முடியாது. என் ஜெனரேட்டர்தான் வேண்டும். மில் மோட்டரைப் போட்டாலோ வெளிச்சம் மங்கி, கொம்பியூட்டர் நின்றுவிடும். ஆகவே அறுவடை நெல்லெல்லாம் குத்தி முடித்து, மில்லைக் கழற்றித் துப்புரவாக்கித் திரும்பப் பூட்டுகிற நாட்களில்தான் அதையும் கட்டுவோம்.

பிறகொரு வருடம் அவனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. கொழும்பில் சத்திரசிகிச்சை என்றார்கள். வாசலில் டிராக்டர்கள் நெல்லோடு நின்ற நேரம் வந்து கேட்டான்.

"போறதுக்கு முன்ன ஒருக்காக் கட்டிப் பார்க்கணும் மச்சான். பொறகு ஏலுமோ தெரியா."

மில்லை நிறுத்தி, ஜெனரேட்டர் எஞ்சினை மட்டும் ஓட விட்டேன். என்னைத் தவிர யார் செய்வார்?

"ஹாஜியார், எஞ்சின் ஓடுது, அரிசியக் காணல்ல. காத்தயா குத்துறீங்க?" என்றான் டிராக்டர்காரன்.

"ஓம், காத்துத்தான். வேணுமெண்டா ஒரு மூட்ட கொண்டு போ."

கட்டி முடியுமுன் கொழும்புக்குப் போகிற வான் வண்டி வந்துவிட்டது. போய்விட்டான். மறுநாள் திரையில் ஓடிக்கொண்டிருந்த எழுத்துகள் நின்றன. ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தான்.

"கடைசி வரியில என்ன கிடக்கு மச்சான்?"

"எனக்கெங்க இங்கிலீசு வாசிக்கத் தெரியும்? மூட்டையில அடிக்கிற பெரிய எழுத்து மட்டுந்தான் தெரியும். 'ஈ' ஒண்டு கிடக்கு."

"அப்ப அது 'எரர்'தான், பிழை வந்திருக்கு. அணைச்சிராதீங்க. எதில நிண்டதெண்டு நான் வந்து பார்க்கணும்."

டீசல் ஊற்றிக்கொண்டே இருந்தேன். டிராக்டர்கள் ஒவ்வொன்றாக வேறு மில்லுக்குப் போயின. போகட்டும், எனக்கு இன்னொரு அறுவடை வராதா என்றேன்.

அவன் ஆஸ்பத்திரியிலேயே உயிர் விட்டு, ஜனாஸாவாகத்தான் வந்தான். வீடு மில்லை ஒட்டியது. அவனுக்காகப் பிரார்த்தித்துத் துஆ ஓதத் தொடங்கியும் எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து மனைவி சொல்லியனுப்பினாள்.

"நிப்பாட்டச் சொல்லுங்க. தம்பிட துஆ எனக்குக் கேட்கணும்."

நான் கட்டின மில், நான் வாங்கின எஞ்சின். வேறு ஒருவரையும் தொட விடவில்லை. நானே போய் நிறுத்தினேன். திரை கறுத்தது. என்ன பிழையென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.