நான் கற்றுக்கொண்ட கிளித் தையல்

வெள்ளைக்காரன் காலம். ராஜபாளையத்தில் தையல் மிஷின் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் மாமா அவர்களில் ஒருவர். வீட்டு முன்னறைதான் கடை. மிஷின் வந்ததோடு கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது.

அப்போதுதான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரி. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் புதுப்பெண் புருஷனிடம் நேராகப் பேசுவது வழக்கமில்லை. நடுவில் ஒரு குழந்தை வேண்டும். அது நான். "சோறு ஆறுதுன்னு ஒங்க மாமாட்டச் சொல்லுட்டி" என்பாள் அத்தை. மாமா இரண்டடி தள்ளித்தான் இருப்பார். ஆனாலும் நான் போய்ச் சொன்ன பிறகுதான் அவருக்குக் காது கேட்கும். அவளுக்கென்று ஒரு நல்ல வார்த்தை அவர் என்னிடம் சொல்லி அனுப்பியதே இல்லை. அத்தை பாவம், அதற்காகவே என் முகத்தைப் பார்ப்பாள்.

அந்தப் பங்குனியில் வத்திராயிருப்புப் பக்கத்து ஊர்க்காரர்கள் கோயில் தேரைச் சுற்றித் தொங்கவிடும் தேர்ச்சீலை தைக்கத் துணி கொண்டுவந்தார்கள். சிவப்புத் துணிமேல் பச்சைத் துணியில் கிளிகளை வெட்டி வைத்து, அதன்மேல் மஞ்சளில் சிறகு வைத்து, அடுக்கடுக்காகத் தைக்க வேண்டும். சட்டையைவிட இது என்ன பெரிய வித்தை என்று மாமா வாங்கிக்கொண்டார். மிஷினில் ஓட்டினால் கிளியின் வயிறு சுருங்கியது, மூக்கு பிசிறடித்தது. பிரித்துப் பிரித்து ஓட்டினார். தேர் நெருங்கிவிட்டது. துணியைத் திருப்பிக் கொடுத்தால் கடையின் பேர் போய்விடும்.

அத்தையின் அப்பா தேர்ச்சீலை தைப்பவர். அது மாமாவுக்கும் தெரியும். ஆனால் பெண்டாட்டியிடம் கேட்டால் மீசை என்னாவது? அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அப்படி வளர்த்துவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் அத்தை முன்னறை வாசலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, இங்க வா. ஒனக்குக் கிளி தைக்கச் சொல்லித்தாரேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கிளியைச் சுற்றி விரல் அகலம் துணி கூடுதலாக விட்டு வெட்டச் சொன்னாள். வளைவில் ஓரத்தைச் சின்னச் சின்னதாக நறுக்கி, உள்ளே மடக்கி, புளியங்கொட்டைப் பசை தடவி, நூல் வெளியே தெரியாமல் கையால் தைக்க வேண்டும். "நறுக்கிவிடாம மடக்குனா சுருங்கத்தான் செய்யும், கேட்டியா?" என்றாள். மடியை ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்கு அவ்வளவு உரக்கச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மாமா முதுகைக் காட்டிக்கொண்டு மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாமா தைத்த முதல் கிளிக்கு வயிறு சுருங்கவில்லை. ஆனால் எல்லாக் கிளிகளையும் ஒரே பக்கம் பார்க்க வெட்டிவிட்டார். அப்படியே தைத்தால் பாதிக் கிளிகள் சீலையின் நடுவில் இருக்கும் சாமி உருவத்துக்கு முதுகைக் காட்டும்.

அத்தை எனக்கு அடுத்த பாடத்தைத் தொடங்கினாள். "வெட்டுனது ஒண்ணும் வீணாப் போகாது. சாயத்துணிக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். கிளியத் திருப்பிப் போட்டா அந்தப் பக்கம் பாத்துட்டுப் போவுது."

என்னுடையது ஒரே ஒரு கிளி, அது சரியாகத்தான் பார்க்கிறது என்றேன்.

"சும்மா கேட்டுக்கோட்டி" என்றாள்.

சீலை முடிந்தது. ஊர்க்காரர்கள் தடவித் தடவிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக எடுத்துப்போனார்கள். மாமா தரையில் கிடந்த துணித் துண்டுகளைப் பொறுக்கி வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஒங்க அத்தைட்டச் சொல்லு" என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். "கிளி ரொம்ப நல்லா வந்திருக்குன்னு."

அத்தை கதவருகில்தான் நின்றாள். நான் போய்ச் சொல்வதற்குள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உட்கார்ந்து கற்றுக்கொண்டது நான், விரலெல்லாம் ஊசிக் குத்து வாங்கியது நான். பாராட்டு மட்டும் அத்தைக்கு எப்படிப் போகலாம் என்று அம்மாவிடம் போய் அழுதேன். அம்மா சிரித்துக்கொண்டே என் விரலில் எண்ணெய் தடவிவிட்டாள்.