மகளை எழுப்பிய காலைகள்

என் மகளுக்கு வலிப்பு வந்ததெல்லாம் தூக்கத்திலோ, அரைத்தூக்கத்தில் எழுந்த சிறிது நேரத்திலோதான். இராயபுரத்து மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதியைத் தூக்கம் செய்யணும். அவளா முழிக்கிற வரைக்கும் எழுப்பாதீங்க" என்றார்.

நான் திருவொற்றியூரில் விஞ்ஞான ஆசிரியன். முதல்முறை வலிப்பு கண்டபோது, பக்கத்து வீட்டு மீன்காரப் பெண் ஓடிவந்து குழந்தையின் கையில் இரும்புச் சாவியைத் திணித்தாள். அது மூடநம்பிக்கை என்று அவளுக்கு விளக்கியவன் நான். ஆனால், விடியற்காலையில் படித்தால்தான் பாடம் மனத்தில் நிற்கும் என்பதை மட்டும் நான் எந்தச் சோதனைக்கும் உட்படுத்தியதில்லை. முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், சேர்வதற்கான நுழைவுத் தேர்வு நெருங்கியதும் மகளை நாலு மணிக்கு எழுப்பத் தொடங்கினேன்.

கூடையுடன் கடற்கரைக்குப் புறப்படும் அந்தப் பெண் ஜன்னலருகே நிற்பாள். "இன்னா வாத்தியாரே, கோழியே இன்னும் கூவல, நீ கூவிகினு கீற! புள்ள ஒக்காந்தபடியே தூங்கிகினு கீது பாரு. பரிச்ச எங்க ஓடிப்பூடும்?"

நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

ஐந்தாம் நாள், சிலேட்டின்மேல் சாய்ந்தபடியே அவளுக்கு வலிப்பு வந்தது. "இனிமே எழுப்ப மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி. வாக்குக் கொடுத்தேன். அதன்பின் இரண்டு வாரம் ஒரு வலிப்பும் இல்லை. அதை மாத்திரையின் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

தேர்வு நாளன்று, பின்னக் கணக்குகளை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றிற்று. மனைவி விழித்துவிடாதபடி மகளின் தோளைத் தொட்டேன். "இன்னும் கொஞ்ச நேரம்பா" என்றாள். தூக்கம் கலைய முகம் கழுவிவரும்படி கிணற்றடித் தொட்டிக்கு அனுப்பிவிட்டு, விளக்கடியில் கணக்குகளைத் தேர்ந்துகொண்டிருந்தேன். மூன்றைக் குறித்தேன். நான்காவது கடினமாகப் பட்டதால் வேறொன்றைத் தேடினேன். அவ்வளவு நேரம் ஆகியும் அவள் திரும்பவில்லை; கிணற்றடிக்குப் போனேன்.

தொட்டியில் ஒரு சாண் நீர்தான். அதில் அவள் முகம் கவிழ்ந்திருந்தது. தூக்கிவந்து கிடத்தி, அறிந்ததையெல்லாம் செய்தேன். பயனில்லை.

சத்தம் கேட்டு எழுந்து வந்த மனைவி, அழுவதற்குமுன் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீங்க எழுப்புனீங்களா?"

"இல்ல. அவளேதான் எழுந்தா" என்றேன்.

அவள் அதை நம்பினாள். தான் விழித்திருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று, சென்ற ஆண்டு இறக்கும்வரை தன்னையே நொந்துகொண்டாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.