மூன்றாம் பிரிவுக்கு மெழுகுதிரி

என் தம்பி மார்க்கஸ் வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் வாய் திறக்கப் பயந்த திக்குவாய்ப் பிள்ளை, ஒஸ்லோவில் நிலக்கீழ் ரயில் ஓட்டுநரானான். ரயில் தாமதித்தால் பயணிகளுக்கு ஒலிவாங்கியில் அறிவிப்பதும் அவன்தான். மோர்டென்ஸ்ருட்டில் ரயில் திரும்பும் இடைவேளைகளில் போர்த்துக்கேய மொழி படித்தான். பிறகு, போர்த்துக்கேயர்களே மறந்துபோன ஒன்றுக்கு வரலாறு எழுதினான்.

அது போர்த்துக்கல்லின் உதைபந்தாட்ட மூன்றாம் பிரிவு. 1947இல் தொடங்கி 2013இல் கலைக்கப்பட்டது. பகலில் வேலை செய்து பின்னேரம் பந்து உதைத்தவர்களின் சிற்றூர்க் கழகங்கள் அதில் ஆடின. தம்பியும் இங்கே தமிழர் கழகத்தில் இருந்தவன்தான், பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் உட்கார்ந்தபடி.

"முதலாம் பிரிவைப் பற்றி எழுத எத்தினையோ பேர் இருக்கினம், அக்கா. இவையளுக்கு ஆர்?" என்பான்.

கடைசி அத்தியாயம் மட்டும் எழுதப்படாமல் நின்றது. கடைசி ஆட்டத்தின் கோல்கள் பத்திரிகைகளில் இருந்தன. அன்று மைதானத்தில் என்ன நடந்தது என்று அறிந்தவர் ஒருவர்தான்: மைதானக் காவலர் அந்தோனியோ. தம்பி தொலைபேசியில் அழைப்பான். முதற்சொல்லில் திக்குவான். யாரோ பகிடி விடுகிறார்கள் என்று நினைத்து அவர் தொடர்பைத் துண்டிப்பார். அந்த அத்தியாயம் இல்லாமல் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்கமாட்டேன் என்று தம்பி பிடிவாதமாக இருந்தான்.

போன வருடம் மே மாதம் ஒஸ்லோக் கத்தோலிக்கத் தமிழர் நாங்கள் போர்த்துக்கல்லில் இருக்கும் பாத்திமா மாதாவிடம் யாத்திரை போனோம். அங்கே தம்பி, ஒரு நாள் தனியே போகவேண்டும் என்றான். யாத்திரையை நடத்திய மரியரஞ்சனி அக்கா அது நேர்த்திக்கடன் என்றே முடிவுகட்டினார். விளக்கம் சொல்லத் தம்பிக்கு வாய் வரவில்லை.

"நேர்த்தியெண்டால் தனிய விடேலாது. எல்லாரும் வருவம்," என்று பேருந்தையே திருப்பிவிட்டார்.

பேருந்து நின்ற இடத்தில் முழங்காலளவு புல். இரண்டு துருப்பிடித்த கோல் கம்பங்கள்.

"கோயில் எங்கையடா?" என்றார் மரியரஞ்சனி அக்கா.

"கோ... கோயில் இல்லை அக்கா. இஞ்சை ஒரு லீக் செத்துப்போச்சு."

அக்கா கைப்பையைத் திறந்தார். "இவ்வளவு தூரம் வந்தாச்சு. செத்ததெண்டால் செபம் சொல்லத்தானே வேணும்," என்று மாதாவுக்கு வாங்கிய மெழுகுதிரிகளைக் கம்பத்தடியில் ஏற்றச் சொன்னார். நாங்கள் செபமாலை தொடங்கினோம்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிழவர் கோபமாக வந்தார். யார் செத்தது என்று போர்த்துக்கேய மொழியில் கேட்டாராம், தம்பி பிறகு சொன்னான். தம்பி பதில் சொல்லத் தொடங்கி முதற்சொல்லிலேயே திக்கினான். கிழவர் அவனை உற்றுப் பார்த்தார்.

"தொலைபேசியில் வந்தவன் நீயா?"

தலையாட்டினான். கிழவர் ஒரு மெழுகுதிரியை வாங்கித் தானே ஏற்றினார். பிறகு புல்லில் உட்கார்ந்து கதைத்தார். தம்பி திக்கித் திக்கிக் கேட்டான். அவர் ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை. கடைசி ஆட்டம் முடிந்த மறுநாளும் மைதானத்துக்கு வெள்ளைக்கோடு போட்டாராம். அடுத்த கிழமை ஆட்டம் இல்லையென்று தெரியுமாம், கை கேட்கவில்லையாம்.

அந்த வெள்ளைக்கோட்டோடுதான் புத்தகம் முடிகிறது.

அச்சாகி வந்ததும் எல்லோரும் கையெழுத்துக் கேட்டார்கள். முதற்பிரதி அந்தோனியோவுக்கு என்று தம்பி ஒருவருக்கும் கொடுக்கவில்லை. என் சமையலறை மேசையில் வைத்து அதில் அவன் முதன்முதலாக எழுத்தாளனாகக் கையெழுத்திட்டது 2024 ஜூன் 13, வியாழக்கிழமை.