நிழற்குடையில் ஊர்ப் பெயர்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த காலத்தில், விண்ணப்பம் போட வருகிறவர்களைவிட வேவு பார்க்க வருகிறவர்கள் அதிகமாகிப் போனார்கள். வரப்போகிற மருமகள் எப்படி, தம்பி யாரோடு சுற்றுகிறான், எல்லாம் என் கம்ப்யூட்டரில்தான். போட்டோ போடும் ஆப்பில் நம் பெயர் தெரியாமலே அடுத்தவர் பக்கத்தைப் பார்க்க ஒரு வெப்சைட் இருந்தது. ஐடி பூட்டாமல் இருந்தால் போதும். பார்த்த சுவடே இருக்காது. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் கேட்டால் காட்டுவேன்.

ஒரு மத்தியானம் ஒருவர் வந்தார். கசங்காத சட்டை, பதவிசான பேச்சு. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம், இவரை பிளாக் பண்ணிவிட்டாளாம். அவர் சொன்ன ஐடியைப் போட்டேன். நாலைந்து படங்கள், எல்லாவற்றிலும் குழந்தைதான்.

"அவ எந்த ஊர்ல இருக்கான்னு மட்டும் தெரிஞ்சா போதுங்க. ஜல்தியா போயி இழுத்தாந்துடுவேன். போன தபா அவ கைதான் ஒடஞ்சுது" என்று சிரித்தார்.

கடைசிப் படத்தில் குழந்தை புதுச்சட்டையோடு ஒரு பஸ் நிழற்குடையில் நின்றது. நம் ஊர் நிழற்குடைகளில் கட்டிக் கொடுத்தவர் பெயர்தான் பெரிதாக இருக்கும், ஊர்ப் பெயரைப் போனால் போகிறதென்று ஒரு மூலையில் எழுதுவார்கள். அந்தப் பொடி எழுத்து என் கண்ணில் பட்டுவிட்டது. திருவாமாத்தூர். விழுப்புரத்தில் இறங்கினால் எட்டிப் பிடித்துவிடலாம்.

"அத்த கொஞ்சம் பெர்சு பண்ணுங்க."

மேசைக்கடியில் ஸ்விட்சைக் காலால் தட்டினேன். திரை இருண்டது, மேலே ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார்.

"சிஸ்டம் போயிடுச்சுங்க. தெனமும் இதே பேஜாரு. சாயந்தரம் வாங்க" என்றேன்.

"சரி, இங்கியே வர்றேன். வேற கடைக்குப் போனா நாலு பேருக்குத் தெரிஞ்சிபூடும்."

அவருடைய மானம் மட்டும் போகக் கூடாது. வந்த கோபத்துக்கு ஸ்டேப்ளரை எடுத்து அடித்திருப்பேன்.

அவர் தலை மறைந்ததும் என் போனிலிருந்து அந்தப் பெண்ணுக்கு எழுதினேன்: "நிழற்குடைப் படத்த எடுத்துடுங்க. ஊர் பேரு தெரியுது. உங்க வூட்டுக்காரரு என் கடைல உக்காந்து பாத்தாரு."

உடனே பதில் வந்தது: "நீ யாரு? அவரு செட் பண்ண ஆளா?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. என் ஐடியில் படம் ஒரு ரோஜாப்பூ, பெயரும் என் பெயரல்ல. முகத்தைப் போட்டால் எவன் எடுத்து என்ன செய்வானோ என்கிற பயம். ரோஜாப்பூ சொல்வதை யார் நம்புவார்கள்?

"நானும் பொம்பளதாங்க."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க."

ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்று என் முகத்தை எடுத்தேன். யாருக்கும் கொடுக்காத முகத்தை, முன்பின் தெரியாத ஒருத்திக்கு அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டாள் என்று மட்டும் காட்டியது.

சாயங்காலம் அவர் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஐடியைத் தட்டினேன். வட்டம் சுற்றியது. குலதெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பூட்டிய கணக்கு, பார்க்க முடியாது என்று வந்தது.

"இன்னாது, மத்தியானம் தொறந்துதானே இருந்துச்சு?"

"அவங்களே பூட்டினா நான் இன்னாங்க பண்றது?"

"யாரோ சொல்லிக்கீறாங்க" என்றார் மெதுவாக. கண் என் போன் மேலேயே நின்றது. நான் அதை மேசைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்திருந்தேன். அது அப்போது பார்த்து ஒருமுறை அதிர்ந்தது. நான் தொடவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

அவர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபிறகுதான் போனைத் திருப்பிப் பார்த்தேன்.

"அக்கா, உங்க போட்டோவ அழிச்சிட்டேன். உங்க போன்லயும் எல்லாத்தையும் அழிச்சிடுங்க. அவரு புடுங்கிப் பாப்பாரு."