கத்தாத வண்டி

கள்ளக்குறிச்சி பேருந்து நிலைய வாசலில் மின்சார ஷேர் ஆட்டோ ஒன்று நிற்கிறது. ஓட்டுநர், "கச்சிராப்பாளையம்! கச்சிராப்பாளையம்!" என்று கூவுகிறார். குரல் கட்டிப்போயிருக்கிறது.

ஏறி உட்கார்கிறேன். பின்னாலேயே ஏறும் அம்மா ஒருவர், "ரைஸ் மில்லாண்ட எறக்கி வுட்டுடுப்பா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்.

"தொண்டைக்கு என்னங்க ஆச்சு?" என்று ஓட்டுநரைக் கேட்கிறேன்.

"டீசல் வண்டியில வண்டி கத்தும், நான் சும்மா குந்திக்கினு இருப்பேன். சத்தம் கேட்டு வூட்லேர்ந்து ஆளுங்க ஓடியாருவாங்க. இப்ப வண்டி சும்மா போவுது, நான் கத்திக்கினு போறேன். வேலையே மாறிப்போச்சுங்க."

வழியெல்லாம் இதே பேச்சு. ரைஸ் மில்லைத் தாண்டி வெகுநேரம் ஆகிறது.

அம்மா தூக்கம் கலைந்து, கண்ணைத் திறக்காமலேயே அதட்டுகிறார். "இன்னாப்பா, இன்னும் எவ்ளோ நேரம் நிறுத்தி வெச்சிக்கினு இருப்ப? வண்டிய எடு!"

ஓட்டுநர் சத்தமில்லாமல் வண்டியை ரைஸ் மில் பக்கம் திருப்புகிறார்.