கரும்புக்கு மேலே கரும்புகை

எங்கள் மாமா குப்பை லாரி ஓட்டினார். வில்லியனூர்ப் பக்கம் அந்த லாரியைத் தெரியாதவர்கள் கிடையாது. வாசனை ஒரு காரணம், புகை இன்னொரு காரணம். கியர் மாற்றும்போதெல்லாம் குபுக்கென்று கரியைக் கக்கும். மாமாவுக்கு அதில் ஏகப் பெருமை. "புகை வந்தாதான்டி வண்டி இழுக்குதுன்னு அர்த்தம். வெள்ளையா வுட்டா அது வண்டியா, ஊதுவத்தியா?" என்பார். நான் அதை அப்படியே பள்ளிக்கூடத்தில் ஒப்பித்து, பஸ் டிரைவர் மகள் ஒருத்தியின் வாயை அடைத்திருக்கிறேன்.

அதே லாரியின் பின்படியில் நின்றுகொண்டு போனவள் என் அம்மா. மாமாவுக்கு அக்கா. தம்பி முன்னால் உட்கார்ந்து ஓட்டுவார், அக்கா தெருத்தெருவாக இறங்கிக் குப்பையைத் தூக்கிக் கொட்டிவிட்டு மறுபடி ஏறிக்கொள்வாள். சைலன்சரும் பின்னால்தான் இருந்தது.

வேலை முடிந்ததும் மாமா லாரியிலேயே அம்மாவை வீட்டில் இறக்கிவிடுவார். லீவு நாட்களில் அவளுக்கு வெந்நீர் போடுவது என் பொறுப்பு. எங்கள் வீட்டுக்கு எதிரே கரும்புக் கொல்லை. அதற்கு அந்தப் பக்கம் ரோடு. லாரி கண்ணுக்குத் தெரியாது, கரும்புக்கு மேலே கரும்புகை மட்டும் நகர்ந்து வரும். அதைப் பார்த்து அடுப்பு மூட்டினால், லாரி ஏரிக்கரையைச் சுற்றி வந்து சேர்வதற்குள் தண்ணீர் சூடாகிவிடும்.

வந்ததும் அம்மா குழாயடியில் வாய் கொப்பளிப்பாள். துப்புவது கறுப்பாக இருக்கும். வெற்றிலை போட்டால் சிவப்பு, லாரியில் போனால் கறுப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். இருமலும் விடாது. ஆஸ்பத்திரியில், "அந்த வேலைய வுடும்மா, நெஞ்சு தாங்காது" என்று சொல்லிவிட்டார்கள். விட்டால் சோறு ஏது? மாமாவிடம் மூச்சு விடக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

முழுப்பரீட்சை லீவில் ஒருநாள் கரும்புக்கு மேலே புகையே வரவில்லை. வெயில் சாய ஆரம்பித்தது. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்துவிட்டேன். அழுவதற்கு வாயைத் திறந்தேன், வாசலில் ஹாரன் அடித்தது. பளபளவென்று புது லாரி! திரும்பி அடுப்பைப் பார்த்தேன். பூனை சுருண்டு படுத்திருந்தது.

மாமா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினார். "இன்னா வண்டிக்கா இது! சைலன்சர்ல சல்லடை மாதிரி இன்னாவோ வெச்சிருக்கானாம். கரியெல்லாம் அதுலயே நின்னுடுமாம். இழுக்குதா, இல்லையான்னே தெரியல." எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது. இனி அந்தப் பஸ் டிரைவர் மகளின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

வெந்நீர் இல்லாததை அம்மா கவனிக்கவே இல்லை. வாய் கொப்பளித்துத் துப்பினாள். குனிந்து பார்த்தாள். மறுபடியும் துப்பினாள்.

"டேய், இங்க வாடா! இத்தப் பாரு, வெள்ளையா இருக்குடா!"

மாமா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "எச்சி வெள்ளையாதான்க்கா இருக்கும்."

"எனக்கு இல்லடா. இத்தினி வருசமா எனக்குக் கறுப்புதான்."

அம்மா சந்தோஷத்தில்தான் சொன்னாள். மாமாவின் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. குழாயடியைப் பார்த்தார், லாரியின் பின்படியைப் பார்த்தார். அக்காவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பிறகு குடத்தை எடுத்துத் தண்ணீர் பிடித்தார். பூனையை விரட்டிவிட்டு, மிளாரை ஒடித்து அடுப்பில் வைத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

மாமா அடுப்பு மூட்டி நான் பார்த்ததே இல்லை. வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் போனேன். தோளில் கிடந்த துண்டால் கண்களை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா?"

"புகைடி. கண்ணு எரியுது."

நான் குனிந்து அடுப்புக்குள் பார்த்தேன். அவர் இன்னும் தீக்குச்சியே கிழிக்கவில்லை.